நான்கு ஆண்டு அவகாசம்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் சிறப்புகளைப் பட்டியலிடுவது வழக்கம். நாம் இன்று நினைவுகூரும் தோழர் அதை விரும்பியிருக்க மாட்டார். கூட்டம் முடிந்ததும் நம்மை ஓரமாக அழைத்து, "என்னைப் பற்றிப் பேசின நேரத்துல ஏதாவது சரித்திரம் பேசியிருக்கலாமே" என்று கடிந்துகொண்டிருப்பார். அதனால் ஒரு சிறிய விஷயத்தின் சரித்திரத்தைப் பேச வந்திருக்கிறோம். விடுப்பு. வேலையில் இருப்பவர் படிப்பதற்காக எடுக்கும் விடுப்பு.

சின்ன விஷயம்தான். ஆனால் தலித் கல்வி வரலாற்றைப் பள்ளி அனுமதி, உதவித்தொகை, இடஒதுக்கீடு என்ற மூன்று சொற்களுக்குள் எழுதிப் பழகிவிட்டோம். நாலாவதாக ஒன்று உண்டு: நேரம். நிலமோ சேமிப்போ இல்லாத வீட்டில் படிப்பவரே சம்பாதிப்பவராகவும் இருக்கிறார். அவர் படிக்க உட்கார்ந்தால் அடுப்பு அணையும். அந்த நேரத்தை யார் தருகிறார்கள், என்ன நிபந்தனையில் தருகிறார்கள், தராதபோது நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் நாம் போதுமான அளவு எழுதி வைக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலிருந்தே தொடங்கலாம். அவர் கொலம்பியாவில் படித்தார், லண்டனில் படித்தார் என்று மேடைதோறும் சொல்கிறோம். பட்டங்களை எண்ணிக் காட்டுகிறோம். அந்தப் பட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைப் படிப்பதில்லை.

1913 ஜனவரியில் இளங்கலைப் பட்டம் பெற்ற கையோடு அவர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, தந்தை ராம்ஜி கவலைக்கிடம் என்று செய்தி வந்தது. பம்பாய்க்குப் புறப்பட்டார். வழியில் சூரத்தில் தந்தைக்கு இனிப்பு வாங்க இறங்கி ரயிலைத் தவறவிட்டார் என்று வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. பிப்ரவரி 2ஆம் தேதி ராம்ஜி இறந்தார். அந்த வேலைக்கு அவர் திரும்பவில்லை. மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்காவில் படிக்க உதவித்தொகை தந்தார்: மாதம் 11.5 பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. கைம்மாறாக, படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டுகள் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம். 1913 ஜூனில் கையெழுத்துப் போட்டார். மூன்று ஆண்டுப் படிப்புக்குப் பத்து ஆண்டு உழைப்பு. சாயாஜிராவின் தாராள மனத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அன்றைய இந்தியாவில் வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சரித்திரத்தில் அது திரும்பத் திரும்ப வரும்.

கொலம்பியாவில் 1915இல் முதுகலை முடித்தார். 1916 மே மாதம், இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்ற கட்டுரையைக் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் வாசித்தார். அதே ஆண்டு லண்டன் வந்து பொருளாதாரப் பள்ளியில் ஆய்வுக்கும் கிரேஸ் இன்னில் சட்டத்துக்கும் பதிந்துகொண்டார். அதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. நீட்டிப்பு கிடைக்கவில்லை, திரும்பி வா என்று பரோடா அழைத்தது. ஆய்வு பாதியில் நின்றது.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். பேராசிரியர் எட்வின் கேனன் மூலமாக லண்டன் பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்றார்: 1917 அக்டோபரிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் எப்போது திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நமக்குத் தெரிந்த வரையில் நவீன தலித் வரலாற்றின் முதல் பெரிய விடுப்பு இதுதான். வேடிக்கை என்னவென்றால், வேலை செய்வதற்காகப் படிப்பிலிருந்து எடுத்த விடுப்பு அது. பணமுள்ள வீட்டுப் பிள்ளை படிப்பதற்காக வேலையைத் தள்ளிப்போடுகிறான். அம்பேத்கர் வேலைக்காகப் படிப்பைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. தள்ளிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் கெடு போட்டு எழுதி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்.

உலகப் போர்க்காலம். அவருடைய உடைமைகளை ஏற்றி வந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. நூல்கள் கடலோடு போயின. 1917 ஆகஸ்டில் பம்பாய் வந்தார். மூழ்கிய பெட்டிகளுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணம்தான் பரோடா செல்லும் செலவுக்கு உதவியது. புத்தகங்களை இழந்த காசில் ரயில் சீட்டு எடுத்து ஒப்பந்தத்தை நிறைவேற்றப் போனார்!

பரோடாவில் நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். மன்னரின் இராணுவச் செயலாளர் பதவி. பியூன்கள் கோப்புகளைக் கையில் தராமல் மேசை மேல் எறிந்தார்கள். தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. ஓர் இந்து நண்பரிடமும் ஒரு கிறிஸ்தவ நண்பரிடமும் இடம் கேட்டார். இரண்டு வீட்டிலும் கிடைக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதைத் தீண்டாமைக்குச் சான்றாகச் சொல்கிறோம், சரி. நாம் இன்று பார்ப்பது வேறொரு பக்கம். பத்து ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்கியவர்கள், அவர் பத்து நாளுக்கு மேல் அந்த ஊரில் குடியிருக்க வழி செய்யவில்லை. ஒப்பந்தத்தில் அவருடைய கடமை இருந்தது. அவர் படுத்துறங்க ஓர் அறை இருக்கவில்லை.

நான்கு ஆண்டுக் கெடுவில் முதல் ஆண்டு இப்படியும், வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுப்பது போன்ற சில்லறை வேலைகளிலும் போயிற்று. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய், தற்காலிகப் பணி. ஆசிரியர்களுக்கென்று வைத்த பானையில் அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதற்கு அங்கும் சிலர் ஆட்சேபித்தார்கள். 450 ரூபாய் அன்று பெரிய பணம். பரேல் பகுதியின் நெரிசலான சாலிலிருந்து குடும்பத்தை நல்ல வீட்டுக்கு மாற்றியிருக்கலாம். அவர் மாற்றவில்லை. வீட்டுச் செலவுக்கு ரமாபாயிடம் அளந்து கொடுத்து மீதியைச் சேர்த்தார்.

1920 மார்ச்சில் வேலையை விட்டார். தற்காலிகப் பணியாளருக்கு யார் விடுப்பு தருவார்கள்? விலகல் கடிதம்தான் அவருக்குக் கிடைத்த விடுப்பு. அதே ஆண்டு ஜனவரி இறுதியில் 'மூக்நாயக்' இதழ் வந்திருந்தது. மார்ச்சில் மாண்காவ் மாநாடு நடந்தது. இயக்கம் அப்போதுதான் கண் திறக்கிறது. அந்த நேரத்தில் படிக்கப் போவதா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். நம்மிடமும் அப்படிக் கேட்கிறார்கள் அல்லவா? சேமிப்பு, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நவல் பத்தேனா என்ற பார்சி நண்பர் தந்த 5,000 ரூபாய் கடன் ஆகியவற்றோடு கப்பல் ஏறினார். 1920 செப்டம்பரில் லண்டனில் மீண்டும் பதிந்துகொண்டார். கெடு முடிய ஓர் ஆண்டுதான் மிச்சமிருந்தது.

அதன் பிறகான லண்டன் நாட்களைப் பற்றிச் சொல்லப்படும் காலை உணவு, ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் மீன், ஒரு கோப்பை போவ்ரில். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது உள்ளே போய் மூடும்போது வெளியே வந்தார். 1921 ஜூனில் எம்.எஸ்சி. 1922 அக்டோபரில் ரூபாய்ச் சிக்கல் பற்றிய டி.எஸ்சி. ஆய்வேட்டைக் கொடுத்தார். தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். கையில் காசில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். ஆண்டு முடிவதற்குள் பட்டம் வந்தது. ஆய்வேடு நூலாக வந்தபோது முன்னுரை எழுதியவர் அதே கேனன். நூலின் எல்லா முடிவுகளையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை, முன்னுரையிலேயே மாறுபட்டார். விடுப்பு வாங்கித் தந்த ஆசிரியரோடு மாணவன் கருத்து வேறுபடலாம், ஆசிரியர் அதற்கு முன்னுரையும் எழுதலாம். நம் பல்கலைக்கழகங்களில் நெறியாளர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்துப் பட்டம் பெறும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ரமாபாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்பேத்கரின் விடுப்பு நாட்களை யார் உழைத்து ஈடுகட்டினார்கள் என்று கேட்டால் பதில் அவர்தான். பெற்ற ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவரே தங்கினார். நான்கு குழந்தைகளைப் புதைத்த தாய் அவர். 1935 மே 27 அன்று, நாற்பது வயதைக் காணாமலே மறைந்தார். பாகிஸ்தான் பற்றிய நூலை அம்பேத்கர் அவருக்குக் காணிக்கையாக்கினார். காணிக்கைப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். படிப்பு விடுப்பின் வரலாற்றை ஒழுங்காக எழுதினால் அவர் பெயர் காணிக்கைப் பக்கத்தில் அல்ல, கணக்குப் பக்கத்தில் வரும்.

தன் அனுபவத்திலிருந்து அண்ணல் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார். ஒன்று பணம் பற்றியது. வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1942 அக்டோபரில் லின்லித்கோவிடம் ஒரு மனு கொடுத்தார். பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது அதன் விளைவு. இன்று நீங்கள் வாங்கும் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையின் வேர் 1944இல் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று நேரம் பற்றியது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946 ஜூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அங்கே காலையிலேயே வகுப்புகள் நடந்தன. வேலைக்குப் போகிறவர் பாடம் கேட்டுவிட்டு அலுவலகமோ ஆலையோ போகலாம். இவருக்கு 90 ஆண்டுகளுக்கு முன், 1855இல், ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் உழைப்பாளிகளுக்காக இரவுப் பள்ளி நடத்தினார்கள். புலே இரவில் நடத்தினார், அம்பேத்கர் காலையில் நடத்தினார். நடுவில் இருக்கும் பகல் முதலாளிக்கும் அரசுக்கும் உரியதாகவே இருந்தது. இருவரும் பகலைக் கேட்டுப் பெற முடியவில்லை.

நம் பக்கம் அந்தக் காலை வகுப்பின் இடத்தை அஞ்சல்வழிக் கல்வி பிடித்துக்கொண்டது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல். பிறகு அண்ணாமலை, சென்னை. அஞ்சல்வழிப் பட்டம் என்றாலே இளக்காரமாகப் பார்க்கும் பழக்கம் நம் அறிவாளிகளிடம் உண்டு. சேரிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள், எழுத்தர்கள், நடத்துநர்கள், காவலர்கள் எத்தனை பேர் அந்தப் பழுப்பு உறைகளால் பட்டதாரி ஆனார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நாங்களும் சமூகவியல் முதுகலையை அப்படித்தான் படித்தோம். நான்கு பேர், நான்கு அலுவலகம், ஒரே ஒரு செட் பாடநூல். ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்புகளில் மாற்றி மாற்றி உட்கார்ந்து குறிப்பெடுத்தோம். தேர்வு நாளில் விடுப்பு மறுக்கப்பட்டு எங்களில் ஒருவர் ஒரு தாளை இரண்டு முறை தவறவிட்டார். தோற்றதாகத்தான் சான்றிதழ் சொல்கிறது.

விதியே இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் படிப்பு விடுப்புக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஐந்து ஆண்டுப் பணி முடித்திருக்க வேண்டும். ஒரு முறைக்குச் சாதாரணமாக 12 மாதம். மொத்தப் பணிக்காலத்தில் 24 மாதம். திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக உறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பரோடா ஒப்பந்தம் சற்று இளகிய வடிவில் தொடர்கிறது. இவையெல்லாம் நியாயமான நிபந்தனைகள் என்றே வைத்துக்கொள்வோம். அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது: படிப்பு, ஊழியரின் பணிக்களத்தோடு நேரடியான, நெருங்கிய தொடர்புடையதாக இருக்க வேண்டும்.

பொறியாளருக்கு இது சிக்கலில்லை. மருத்துவருக்குச் சிக்கலில்லை. துடைப்பத்தோடு நேரடியான, நெருங்கிய தொடர்புடைய முதுகலை எது? மலக்குழியோடு நெருங்கிய தொடர்புடைய ஆய்வுப் பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது? சாதியால் ஒருவருக்கு ஒரு வேலை வந்து சேர்கிறது. அந்த வேலையிலிருந்து வெளியேறவே அவர் படிக்கிறார். படிப்பு வேலையோடு தொடர்புடையதாக இல்லை என்பதுதான் அவர் படிப்பதன் காரணம்; அதையே மறுப்பதற்கான காரணமாகவும் ஆக்க முடிகிறது. ஊழியரின் சிந்தனையை விரிவாக்கும் படிப்புக்கும் இடமுண்டு என்று விதியில் ஒரு சன்னல் இருப்பது உண்மை. அந்தச் சன்னலை யாருக்குத் திறப்பது என்பது அதிகாரியின் கையில். மும்பை மாநகராட்சியில் இரவில் குப்பை அள்ளிக்கொண்டே உயர்கல்விப் பட்டங்கள் பெற்ற ஒரு தூய்மைப் பணியாளர், படிப்பு விடுப்புக்காகப் போராட வேண்டியிருந்ததைச் செய்தித்தாள்களில் படித்தோம். நிரந்தரப் பணியாளரின் நிலை இது. ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவருக்கு, வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற ஒரே விதிதான்.

ஆய்வுப் படிப்புக்கு வந்தால் கதை இன்னும் குறுகுகிறது. பட்டியல் சாதி ஆய்வாளர்களுக்கான தேசிய உதவித்தொகை முழுநேர ஆய்வாளருக்கு. வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். வேலையை விடாதவர் பகுதிநேரத்தில் முனைவர் பட்டம் செய்யலாம், 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதி அதை அனுமதிக்கிறது. அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இவருக்குப் படிக்கப் போதிய நேரம் இருக்கிறது என்று அந்த அலுவலகமே எழுதித் தர வேண்டும். நம்முடைய நேரம் பற்றி நமக்கு மேலே இருப்பவர் சான்று தருகிறார். அதே 2022இல் வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை விதிகளையும் மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி கிடையாது என்றார்கள். 1916இல் சாதி பற்றிக் கட்டுரை வாசித்த அந்த 25 வயது மாணவர் இந்த விதியின் கீழ் விண்ணப்பித்திருந்தால்? ஒரு சமஸ்தான மன்னர் போடாத நிபந்தனை அது.

இப்போது நம் தோழரிடம் வருகிறோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், சரித்திரம் பேசிவிட்டுத்தான் வருகிறோம்.

பணியில் இறந்த தந்தையின் இடத்தில், கருணை அடிப்படையில், 19 வயதில் தூய்மைப் பணியாளராக ஒரு நகராட்சியில் சேர்ந்தார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருந்தார். அந்தத் தகுதிக்கு அலுவலக உதவியாளர் பணி கேட்டிருக்கலாம் என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே மேல்நிலைத் தேர்வு, அஞ்சல்வழியில் இளங்கலை, வரலாற்றில் முதுகலை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவருடைய மறைவுக்குப் பின் அவர் துணைவியார் எங்களிடம் ஒரு துணிப்பை கொடுத்தார். அதில் தன் விடுப்புக் கடிதங்களின் நகல்களையெல்லாம் அவர் தேதிவாரியாக வைத்திருந்தார். வரலாறு படித்தவர் அல்லவா!

ஒருநாள் மாலை உட்கார்ந்து அவற்றைப் படித்தோம். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அம்மன் கோயில் கொடை, பெரியம்மா இறப்பு, சித்தப்பா இறப்பு. தேதிகளைத் தேர்வு அட்டவணைகளோடு ஒப்பிட்டால் பெரும்பாலானவை தேர்வு நாட்கள். அவருக்கு அத்தனை சித்தப்பாக்கள் கிடையாது. படிக்கப் போகிறேன் என்று சொன்னால் கிடைக்காத விடுப்பு, சாவு என்று சொன்னால் கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு கடிதத்தில் உண்மையை எழுதியிருக்கிறார்: தன் ஊர்ச் சேரி நிலங்களின் வரலாற்றை ஆராய ஆய்வுப் பட்டத்துக்குச் சேர அனுமதியும் விடுப்பும் வேண்டும் என்று. இரண்டு பக்கம், அழகான கையெழுத்து. அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் கடிதம் இல்லை. வாய்மொழியாக என்ன சொல்லப்பட்டது என்று கேட்டோம். "படிச்சிட்டு வந்து யாரு கூட்டுறதுன்னு கேட்டாங்களாம்" என்றார் துணைவியார்.

ஆய்வேடு எழுதப்படவில்லை. பழைய பட்டா நகல்கள், முதியவர்களிடம் கேட்டெழுதிய குறிப்புகள் என்று ஐந்து நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைப் பதிப்பிப்பதற்கு வரலாறு படிக்கும் மாணவர்கள் இரண்டு பேர் முன்வந்தால் மன்றம் ஆவன செய்யும் என்று பொறுப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கடிதங்களை அடுக்கி வைக்கும்போது ஒன்று உறுத்தியது. சில தேர்வு நாட்களுக்குக் கடிதமே இல்லை. அந்த நாட்களில் எப்படிப் போனார் என்று கேட்டோம். துணைவியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "லீவு தரலன்னா, விடியறதுக்கு முன்னாடி நான் போய் அவரு தெருவெல்லாம் கூட்டிட்டு வந்துருவேன். மேஸ்திரிக்குத் தெரியும். பேரு அவரு பேருல விழுந்துரும்." எத்தனை நாள் அப்படி என்று கேட்டதற்கு, கணக்கு வைக்கவில்லை என்றார். நகலெடுத்துக்கொண்டு பையை மறக்காமல் திருப்பித் தரச் சொன்னார். மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், அவள் படிக்கட்டும் என்றார்.